கூப்பிட்டதும் வந்தது

அக்கா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

அதில் தப்பொன்றுமில்லை. ஆனால் அக்காவின் வாயில் சின்னவளுக்கு 'வாலு' என்பதைத் தவிர வேறு பெயர் இருந்ததே கிடையாது. கோபம் வந்தாலும் வாலு, கொஞ்சினாலும் வாலு. இன்றைக்கு, பொழுது சாய்கிற நேரத்தில், கண்ணாடி முன்னால் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டு, யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பதுபோல முழுப் பெயரையும் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.

"என்னக்கா, புதுசா மரியாதையெல்லாம்? நாளைக்குக் கல்யாணம்ங்கற மிதப்பா?"

அக்கா சிரித்தாள். சின்னவள் சிரித்து முடித்த பிறகு.

அவர்களுடைய அப்பா எல்லைக் கோட்டையின் தளபதி. வேட்டைக்கு வந்த இளவரசன் குதிரையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டு, மழைக்காலம் முழுக்க அவர்கள் வீட்டு மாடியறையில்தான் கிடந்தான். அக்காதான் கட்டு மாற்றினாள். சதுரங்கத்தில் தினமும் அவனைத் தோற்கடித்தாள். கால் நேரான பிறகும் அவன் பொய்யாக நொண்டிக்கொண்டு நாளை ஓட்டியது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சின்னவள் அப்போதே அவனை அத்தான் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

ராஜா இப்போது பேச்சு மூச்சில்லாமல் படுக்கையில் கிடந்தார். ராஜாவின் தம்பிக்கோ சிம்மாசனத்தின் மேல் கண். இந்தக் கல்யாணம் நடந்தால் அப்பாவின் படை இளவரசன் பக்கம் நிற்கும். நடக்காவிட்டால் அவன் தலை தப்பாது. அதனால்தான் அவசரம். அப்பா எல்லையிலிருந்து வருவதற்கு முன்பே பெண்கள் இருவரையும் அரண்மனைக்கு வரவழைத்தார்கள். வந்த அன்று ராத்திரியே அக்காவுக்கு மயக்கம். தொற்றுக் காய்ச்சல் என்று சொல்லி வைத்தியர் சின்னவளை அண்டவே விடவில்லை. இன்று காலையில்தான் கதவு திறந்தது.

தலை வாரிவிடலாம் என்று சின்னவள் சீப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போய் நின்றாள். பன்னீர் வாசனைக்கு அடியில், நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றைத் திறந்தால் வருமே, அந்தச் சேற்று வாடை மெல்ல மேலேறி வந்தது. நுனி வரைக்கும் காய்ந்திருந்த கூந்தல் வேரில் மட்டும் நனைந்திருந்தது. பிடரியில் விரல் பட்டபோது, அங்கே சூடும் இல்லை, குளிரும் இல்லை, சுவரைத் தொட்ட மாதிரி இருந்தது. தன் காதோரம் விழுந்த முடியைச் சின்னவள் ஒதுக்கிக்கொண்டாள். கண்ணாடிக்குள் அக்காவும் ஒதுக்கிக்கொண்டாள். அவளுக்கு முடி எதுவும் விழுந்திருக்கவில்லை.

சின்னவள் வேண்டுமென்றே ஒற்றைப் புருவத்தைத் தூக்கினாள். வீட்டில் அவளால் மட்டும் முடிகிற வித்தை அது. அக்கா எத்தனையோ நாள் முயன்று, இரண்டு புருவமும் சேர்ந்தே ஏறி, தோற்றுப்போய்த் தலையணையை எறிவாள்.

கண்ணாடியில் அக்காவின் ஒற்றைப் புருவம் ஏறியது. இன்னும் ஏறியது. ஒரு புருவம் போகக்கூடிய இடத்தையும் தாண்டி.

சீப்பு கையிலிருந்து விழுந்தது. சின்னவள் ஓடினாள்.

இளவரசன் அரண்மனையின் பின்பக்கம், பாசி படிந்த பழைய குளத்தின் படியில் தனியாக உட்கார்ந்திருந்தான். முழங்கை வரை சட்டையில் காய்ந்த சேறு.

"அத்தான், உள்ளே இருக்கறது யாரு?"

அவன் திடுக்கிடவில்லை. அதுதான் அவளை நடுங்கவைத்தது.

"சித்தப்பா எனக்குன்னு அனுப்பின திராட்சை ரசம்," என்றான். "எனக்குத்தான் முதல்லன்னு பிடுங்கி அவ குடிச்சுட்டா. விளையாட்டுக்கு. விடியறதுக்குள்ள..."

சட்டையில் காய்ந்த சேற்றை நகத்தால் சுரண்டினான்.

"இந்தத் தண்ணிகிட்ட வந்து எங்க வம்சத்து ஆள் கூப்பிட்டா, போனவங்க வருவாங்கன்னு சின்ன வயசுல கேட்டிருக்கேன். கூப்பிட்டேன். வந்தது."

"எது வந்தது?"

"அவ முகம்தானே அது?" அவன் அவளிடம் கேட்டான். கெஞ்சுவதுபோலக் கேட்டான். "நீ பக்கத்துல இருந்தா சரியாயிடும்னு நினைச்சேன். உன்னைப் பார்த்து ஞாபகம் வந்துடும்னு."

"எங்க அக்கா எங்கே? அவ உடம்பு எங்கே?"

அவன் குளத்தைப் பார்த்தான். "குடுத்தாத்தான் தரும்," என்றான்.

சின்னவள் கைமுட்டியை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். சத்தம் வெளியே வந்தால் மாடத்தில் நிற்கும் சித்தப்பாவின் ஆட்களுக்குக் கேட்டுவிடும். அழுது முடித்து, "அப்பாகிட்ட சொல்லிடுவேன்," என்றாள்.

"சொல்லு. கல்யாணம் நின்னா முதல்ல என் தலை, அடுத்தது உங்க அப்பா தலை. நாளைக்கு ஒரு நாள் மட்டும், வாலு. அப்புறம் நானே அதை..."

அந்தப் பெயர் அவன் வாயிலிருந்து வந்ததை அவளால் தாங்க முடியவில்லை. எழுந்து நடந்தாள். போக ஒரே ஓர் இடம்தான் இருந்தது.

அறையில் அது படுத்திருந்தது. அவள் அடுத்த கட்டிலில் படுத்துக் கண்ணை மூடினாள். இருட்டில் மூச்சுச் சத்தம். அதுவரை கேட்காத சத்தம். அவள் இழுத்தால் இழுத்தது. விட்டால் விட்டது. அவள் மூச்சை அடக்கினாள். அதுவும் அடக்கியது. அவளுக்கு நெஞ்சு வெடிக்கிற மாதிரி ஆனது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

காலையில் சபை நிறைந்திருந்தது. பட்டுச் சரசரப்பு, வாள் உறைகளின் உரசல், உயரத்து ஜன்னல்களிலிருந்து வெயில். சித்தப்பா முன்வரிசையில் உதட்டைக் கடித்துக்கொண்டு மணப்பெண்ணையே பார்த்தார். உயிரோடு நிற்கிறாளே என்ற பார்வை. இளவரசன் அதன் கையைப் பிடித்தான். மோதிரம் ஏறியது. முரசு அதிர்ந்தது. வாய் திறக்காமல் சின்னவள் நின்றாள். ஒரு நாள் மட்டும். ஒரே ஒரு நாள்.

அப்போது அப்பா வந்தார். ராவெல்லாம் குதிரையில் வந்த புழுதியோடு, முறையெல்லாம் மறந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு. "என் கண்ணு," என்றார். அழுதுகொண்டே மகளை இறுகக் கட்டிக்கொண்டார்.

அது அவர் தோளுக்கு மேலாகச் சின்னவளைப் பார்த்தது. சரிதானா என்று கேட்பதுபோல.

பிறகு கைகளைத் தூக்கி அவரைக் கட்டிக்கொண்டது. அவர் இறுக்கியது போலவே. சபை கைதட்டியது. யாரோ பூ எறிந்தார்கள்.

அப்பா கைகளைத் தளர்த்தினார்.

அது தளர்த்தவில்லை.

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல் வரவில்லை. முகம் கறுத்தது. கைதட்டல் இன்னும் ஓங்கியது. இளவரசன் அதன் தோளைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. மலர்ந்த முகம். நனைந்த கூந்தல். தரையிலிருந்து மெல்ல மெல்ல மேலெழும்பிய அப்பாவின் பாதங்கள்.