அறுபடாத சுரம்

நாற்பது நிமிடங்களாக அவன் எழுந்திருக்கவில்லை.

கடையில் அந்த மாடலில் இருந்ததே ஒரே ஒரு கீபோர்டு. அதன் முன்னால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்களை மூடி, விரல்களை ஓடவிட்டபடி சொந்த வீடுபோல் உட்கார்ந்திருந்தான். அவள் கால்கடுக்க நின்றாள். வெளியே கொட்டும் மழை... பொறுமைக்கும் ஓர் அளவு உண்டல்லவா? குனிந்து ஹெட்போன் வயரைப் பிடுங்கிவிட்டாள்.

கீபோர்டின் ஸ்பீக்கர் அலறும் என்று எதிர்பார்த்தாள். ஒரு சத்தமும் வரவில்லை.

அவன் கண்களைத் திறந்தான். மழையில் கழுவிவிட்டதுபோல் தெளிந்த கண்கள்... 'சண்டை போட வந்தவள் எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்?' என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

அவள் அவசரம் அவளுக்கு. அண்ணனின் இசைக்குழுவில் கீபோர்டு வாசிப்பவள். பழையது போன வாரம் பாதிப் பாட்டில் உயிரை விட்டிருந்தது. புதிதை நீயே தேர்ந்தெடு என்ற அண்ணன், நாளை மாலை நிகழ்ச்சியில் சொதப்பினால் அடுத்த மேடைக்கு வேறு ஆள் என்றும் சொல்லியிருந்தான். தங்கை என்ற சலுகை அவனிடம் எடுபடாது.

"இதை வாங்காதீங்க," என்றான் அவன்.

"நீங்க கடைக்காரரா?"

இல்லையாம். ஓர் அரங்கத்தில் ஒலி மிக்ஸரைக் கவனிப்பவன், அரங்கத்துக்கு ஒன்று வாங்க வந்தானாம். ஒலியைக் கூட்டினான். புல்லாங்குழலில் ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்தபடியே வயலினுக்கு மாற்றினான். குழல் ஒலி சட்டென்று அறுந்தது.

அவர்கள் குழுவின் முதல் பாட்டின் உயிரே அந்த இடம்தான்... குழல் அப்படியே வயலினாக வேண்டும்.

மூலையில் இருந்த இன்னொன்றைக் காட்டினான். அதில் ஒலி அறுபடவில்லை. ஆனால் கட்டைகள் விறைப்பாக இருந்தன, அவள் விரல்கள் முரண்டு பிடித்தன. இதிலோ தானாக ஓடின. அதை இவனிடம் விளக்குவானேன்?

"என் கைக்கு எது சரின்னு எனக்குத் தெரியும்," என்று பாதி விரலுக்காகவும் பாதி வீம்புக்காகவும் இதையே வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை ஒத்திகையில் அதே இடத்தில் அறுந்தது. அண்ணன் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மத்தியானத்துக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா அந்தப் பாட்டு இன்னைக்கு வேண்டாம்."

கடைக்குப் போய் மாற்றலாம். அந்தக் கண்கள் சொன்னதே சரி என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டும்... மாட்டேன். சாப்பாட்டை மறந்து உட்கார்ந்தாள். ஒலியை மாற்றினால்தானே அறுபடும்? மாற்றவே வேண்டாமே.

இரண்டு ஒலிகளையும் ஒரே கட்டைகளில் ஏற்றினாள். வயலினைக் கால் பெடலோடு இணைத்தாள். பாதம் அழுத்த அழுத்த வயலின் எழும், இடக்கை ஒலிக்குமிழைக் கீழே இழுக்க இழுக்கக் குழல் தணியும். குதிகால் வலிக்கும்வரை பழகினாள்.

மாலையில் அரங்கத்துக்குள் நுழைந்தால், மிக்ஸருக்குப் பின்னால்... அவன். கீபோர்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பெருமூச்சு விட்டான்.

பாட்டு அந்த இடத்தை நெருங்கியது. அவன் விரல் ஒரு பொத்தானுக்குப் போவதைப் பார்த்தாள். பாதத்தை அழுத்தினாள்... குழல் கரைந்து வயலின் ஆயிற்று. எங்கே மாறியது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. அவன் விரல் அந்தரத்திலேயே நின்றது. பாட்டு முடியும் முன்பே கடைசி வரிசையிலிருந்து கைதட்டல் கிளம்பி மேடைவரை வந்தது.

இத்தனை வருடங்களில் அவள் பெயரை அறிவிக்கவே மறந்துபோகும் அண்ணன், மைக்கை எடுத்தான்.

"கீபோர்டு... என் தங்கச்சி."

கண்கள் நிறைந்தன. அவள் துடைக்கவில்லை, ஜெயித்த கண்ணீரை ஏன் துடைக்க வேண்டும்?

கூட்டம் கலைந்ததும் அவன் வயரைச் சுற்றியபடி வந்தான். சுரம் அறுந்தால் எதிரொலியை ஏற்றி மறைத்துவிடக் காத்திருந்தானாம். தேவையே படவில்லை, தான் சொன்னது தப்பு என்றான். வாங்கியதில் பாதி வீம்புதான் என்று அவளும் ஒப்புக்கொண்டாள்.

"நானும் ஒண்ணு சொல்லணும்... நேத்து வயரைப் பிடுங்கினப்ப ஏன் சத்தம் வரலை தெரியுமா? நான் பத்து நிமிஷத்துல பாத்து முடிச்சுட்டேன். எழுந்திருக்கப் போனப்ப நீங்க உள்ள வந்தீங்க. எழுந்தா கிளம்பணுமே... ஒலியை அடியோட குறைச்சுட்டு, சும்மா விரலை ஆட்டிக்கிட்டிருந்தேன்."

"கண்ணை மூடியிருந்தீங்களே?"

"முழுசா மூடலை."

அரைமணி நேரம் நிற்க வைத்திருக்கிறான். கோபம் வர வேண்டும், சிரிப்புத்தான் வந்தது.

"இப்ப முழுசாத் திறந்து கேளுங்க," என்றாள். "எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு."

வாசலில் அண்ணன் வண்டி ஹாரன் அடித்தது.

"பத்து நிமிஷம்ணா," என்று குரல் கொடுத்தாள்.

அது அரைமணி நேரமாயிற்று.