மூன்று மேடு, ஒரு சரிவு

பதினோரு மணிக்குள் பூங்கோதை இருபத்திரண்டு மெட்டுகளைப் பார்த்து முடித்திருந்தாள். பார்த்து என்பதுதான் சரி. கோவைப் படைப்புரிமைப் பதிவகத்தில் தேர்வாளர் எவரும் மெட்டைக் காதால் கேட்பதில்லை. காது உறவு கொண்டாடும், கண் கொண்டாடாது என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவளே பாடம் எடுத்திருக்கிறாள். திரையில் அலைக்கோடு வரும். பழைய பதிவு எதனோடும் பொருந்தாவிட்டால் 'புதிது' என்று ஒப்பமிட வேண்டும். விண்ணப்பித்தவர் பெயர்கூடத் தெரியாது.

இருபத்துமூன்றாவது, பொடிக் கோடு: மூன்று சிறு மேடு, பிறகு ஒரு நீண்ட சரிவு. 'பணி நேரத்தில் ஊழியர் உருவாக்கியது. உரிமை நிறுவனத்துக்கே' என்ற கட்டத்தில் குறி இருந்தது.

பக்கத்து இருக்கைச் சம்பத் எட்டிப் பார்த்தான். "ஏனுங்க, இதென்ன ஒட்டகமாட்ட இருக்குது?"

"ஒட்டகத்துக்கு எங்கீங்க மூணு திமிலு?" என்றபடி ஒப்பமிட்டாள். கணவன் எழிலன் இறந்த நான்கு மாதத்தில் அவள் சொன்ன முதல் வேடிக்கை அது. அவளுக்கே சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் எட்டு வயது மகள் வெண்ணிலா தோசைத் தட்டின் முன் உட்கார்ந்தாள். அவளைச் சாப்பிட வைக்க எழிலன் கட்டிய மெட்டு ஒன்று உண்டு. அவன் போனபின் அவளே அதை முனகினால்தான் முதல் வாய் உள்ளே போகும். இன்று வாய் அசைந்தது; சத்தமில்லை.

"ம்மா, எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?"

பேச்சு தெளிவாகக் கேட்டது. பிறந்த வாரமே எல்லோர் காதிலும் பதிக்கிற செவித்திரை, பிறர் பேரில் பதிவான மெட்டை உரிமம் வாங்காதவர் காதில் விழாமல் வடிகட்டிவிடும், பாடுகிறவருக்கே கேட்காது. கள்ளப் பாட்டு ஒழிந்ததென்று ஊருக்கெல்லாம் பெருமை.

"மறுபடி பாடு, கண்ணு." மகளின் தொண்டையில் விரலை வைத்தாள். மூன்று சிறு துடிப்பு. பிறகு நீளமாய் ஒரு தணிவு. கண் கோட்டை விட்டதை விரல் கண்டுகொண்டது.

எழிலன் ஒலிப்பொறியாளன். அலுவலகத்திலும் இதையே முனகியிருப்பான். அங்கே சுவர்கூடப் பதிவு செய்யும். மெட்டு பிறந்ததோ இந்தச் சாப்பாட்டு மேசையில். ஆட்சேபிக்க முப்பது நாள் அவகாசம் உண்டு, ஆனால் ஒலிப்பதிவு வேண்டும். மனைவியின் நினைவு சாட்சியாகாது.

முதல் பிறந்தநாள் காணொளியைப் போட்டாள். கரண்டி தட்டில் பட்டது கேட்டது. குழந்தை சிரித்தது கேட்டது. எழிலனின் உதடு மட்டும் சும்மா அசைந்தது. பதிவான மெட்டை ஒரு மணி நேரத்துக்குள் எல்லாச் சேமிப்பிலிருந்தும் துடைத்துவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியாததா?

"அப்பா பாட்டை யாரும்மா எடுத்துக்கிட்டாங்க?"

"அவரு ஆபீஸ்ல."

"யாரு குடுத்தது?"

"நாந்தான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்."

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

வெண்ணிலா அம்மாவின் விரலை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டாள். "நீ தொட்டுப் பாத்துக்க. நான் பாடறேன்."

இரண்டு முறை சரியாக வந்தது. மூன்றாம் முறை சரிவு பாதியிலேயே நின்றது. தன் காதில் விழாததால் குழந்தைக்குத் தெரியவில்லை. திருத்திப் பாடிக் காட்டப் பூங்கோதை வாயைத் திறந்தாள். அதுவும் மகளுக்குக் கேட்காது. மூடிக்கொண்டு, தோசையைப் பிட்டு ஊட்டினாள்.