நான்கு பிளக்குகளும் நல்லவை

எல்ம் ரிவர் ஊரில் மோட்டார் கார் பழுது பார்க்கிறவன் ஹோவ்டன் ஒருவன்தான். அன்று காலை அவன் தொப்பியைக்கூடக் கழற்றாமல் தந்தி அலுவலகத்துக்குள் நுழைந்தான்.

"எல்ஸ்டாட் ஐயா, டாக்டர் ப்ரெக்கி என்னைத் திருடன்னு சொல்றாரு. அவர் காரு இன்னிக்குக் கிளம்பலேன்னா என் பிழைப்பே போச்சு."

ரயில்வே துப்பறிவாளராக இருந்து ஓய்வு பெற்ற எல்ஸ்டாட் காபியை நிதானமாகக் குடித்து முடித்தார். தந்தி அடிக்கும் கோராவோ அதற்குள் கோட்டை மாட்டிவிட்டாள்.

"எஞ்சினுக்குப் பொறி குடுக்கற பிளக்கு நாலும் புதுசு போட்டா என் கொட்டகையில ஜோரா ஓடுது," என்றான் ஹோவ்டன். " மறுநாள் அவர் வீட்டுல செத்துக் கிடக்குது. இது மூணாவது தடவை. புதுசைத் திருடிட்டுப் பழசை மாட்டறேனாம்!"

அவர்கள் போனபோது டாக்டர் தன் வீட்டு முற்றத்துப் பனியில் காரைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். பன்னிரண்டு மைலுக்கு அப்பால் ஹாகன் வீட்டுப் பெண்ணுக்கு விடியலிலிருந்து பிரசவ வலி. காரை நம்பிக் குதிரையை விற்றது தன் புத்திகெட்டத்தனம் என்று புலம்பினார்.

ஹோவ்டன் ஒரு பிளக்கைக் கழற்றி, மின்கம்பியோடு எஞ்சின் மேல் கிடத்தினான். வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாக மூன்று பென்சில் கோடுகள். கோரா காரின் முன்னால் இருந்த கைப்பிடியைச் சுழற்றினாள். நீலப் பொறி பளிச்சென்று பறந்தது. மற்ற மூன்றில் கோடுகள் ஒன்று, இரண்டு, நான்கு என்று இருந்தன; பொறி மட்டும் அப்படியே பறந்தது. திரும்ப மாட்டியதும் எஞ்சின் இருமிவிட்டு அடங்கியது.

"வெளிய உயிரோட இருக்கு, உள்ள போனா செத்துடுது. பேயா பிசாசா?" என்றான் ஹோவ்டன்.

"வாணலிதான்!" என்றாள் கோரா. "டாக்டர், குளிருக்காகப் பிளக்கைக் கழட்டி வாணலியில போட்டு அடுப்புல சூடு பண்றீங்கல்ல? பச்சைத் தண்ணி பட்டு விரிசல் விட்டிருக்கும்."

"என் தலையில கட்டாதேடி," என்றாள் டாக்டரின் மனைவி வாசலிலிருந்து. "அந்த வாணலியை நான் தொடறதே இல்ல."

எல்ஸ்டாட் பிளக்குகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். விரிசல் இல்லை.

"குளிர்காலத்துல ஊரே பிளக்கை வறுக்குது. மத்தவங்க காரெல்லாம் ஓடுது. டாக்டர், இங்க மட்டும் கூடுதலா என்ன செய்யறீங்க?"

"ஒழுங்கா செய்யறேன்," என்றார் டாக்டர் பெருமையாக. "வாணலியில நாலும் கலந்துடும். எது எந்த ஓட்டைக்குன்னு நானே கோடு போட்டு வைக்கறேன். புது பிளக்கு வந்த அன்னிக்கே."

"அதுதான் வினை," என்றார் எல்ஸ்டாட். "மின்சாரம் சோம்பேறி, சுலபமான வழியிலதான் போகும். வெளிக்காத்துல முனைக்கு முனை தாண்டறது லேசு. எஞ்சினுக்குள்ள காத்தும் பெட்ரோலும் நெருக்கிப் பிடிச்சிருக்கு, தாண்டறது கஷ்டம். பென்சில் கரியிலயோ மின்சாரம் தாராளமா ஓடும். உச்சியிலேர்ந்து அடி இரும்பு வரைக்கும் நீங்களே சாலை போட்டுக் குடுத்தா, அது ஏன் உள்ள போய்ப் பாடுபடணும்? இவன் போட்ட புது பிளக்குதான் இதெல்லாம். யாரும் எதையும் மாத்தல."

கோரா தன் பையிலிருந்த அழிரப்பரால் நான்கையும் தேய்த்தாள். ஹோவ்டன் பெட்ரோல் துணியால் துடைத்து மாட்டிக் கைப்பிடியைச் சுழற்றினான். எஞ்சின் தடதடவென்று பிடித்துக்கொண்டது.

டாக்டர் சட்டைப் பையிலிருந்த பென்சிலை எடுத்துப் பனியில் எறிந்தார். அவருக்கு அவமானமாக இருந்தது.

"ஹோவ்டன், உன்னைத் திருடன்னு ஊரறியச் சொல்லிட்டேனே..."

"குழந்தை பொறந்தப்புறம் ஊரறிய மன்னிப்புக் கேளுங்க, டாக்டர். இப்ப ஏறுங்க."

"நீயும் ஏறு," என்று டாக்டர் கதவைத் திறந்துவிட்டார். "நீ ஓட்டு. நான் இதை இனிமே தொடல."