எலும்பு கழுவிய கை

தீவைச் சுற்றிப் பார்க்கக் கப்பலில் வருபவர்களைக் காற்றாலைக்கும், வெள்ளை மாடங்கள் தெரியும் மேட்டுக்கும், கடைசியில் கல்லறைத் தோட்டத்து எலும்பறைக்கும் அழைத்துப் போவதுதான் கலியோப்பியின் பிழைப்பு. பெட்டி பெட்டியாக எலும்புகளைப் பார்த்து அவர்கள் வாயைப் பிளப்பார்கள். அவளுக்கு அது மளிகைக்கடை அலமாரி மாதிரி. அன்று காலை மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டாள். மாமியார் பொலிக்சேனியைத் தோண்டி எடுக்கும் நாள்.

தீவில் இடம் குறைவு. புதைத்து மூன்று வருடம் போனால் எலும்பை எடுத்து, வீட்டுப் பெண் ஒயினில் கழுவி, "மன்னிச்சுட்டேன்" என்று சொல்லிப் பெட்டியில் வைக்க வேண்டும். கல்யாணமான நாள் முதல் இவள் சமைத்ததை முகர்ந்து பார்த்துவிட்டுப் பூனைக்கு வைத்த கிழவியை மன்னிப்பதா? கணவன் கடலில் இருந்தான். வேறு ஆள் இல்லை. இன்றோடு தொலைந்தால் சரி.

குழிவெட்டி ஸ்தாமாத்திஸ் மண்வெட்டியை நிறுத்தினான். அழுகிய மீனும் பழைய மெழுகும் கலந்த வாடை மேலே வந்து தொண்டையில் ஒட்டியது.

"கரையல தங்கச்சி."

உடம்பெல்லாம் எலும்பாகியிருக்க, தலை மட்டும் முழுதாக இருந்தது. ஊறிய பழுப்புத் தோல், கொத்தாக நரைமுடி. உதடுகள் மட்டும் துளிகூடக் கெடவில்லை.

"மூடிடுவோம். இன்னும் ரெண்டு வருஷம் கெடக்கட்டும்."

"மறுபடி நான்தானே வந்து அழணும்? எடுத்துக் குடுங்கண்ணே. மத்தியானம் கப்பல் வந்துடும்."

"கரையாதத யாரும் உள்ள வைக்கிறதில்லம்மா. வைக்கிறதுன்னா மனசார மன்னிச்சுட்டு வை. இல்லேன்னா உங்கூடவே வந்துரும்."

ஒயினை ஊற்றித் தேய்த்தாள். முடி தோலோடு பிய்ந்து உள்ளங்கையில் அப்பியது. உதறினாள், போகவில்லை. அவசரத்தில் விரல் வழுக்கி, கிழவியின் வாய்க்குள் போய்விட்டது.

உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது.

கையை இழுத்துக்கொண்டு சுவரோரம் வாந்தி எடுத்தாள். பிறகு தலையைத் துணியில் சுருட்டி, எலும்புகளோடு பெட்டியில் திணித்தாள்.

"சொல்லிட்டியா?" ஸ்தாமாத்திஸ் கிசுகிசுத்தான்.

"சொல்லிட்டேன்."

சொல்லவில்லை.

மத்தியானம் கூட்டம் வந்தது. எல்லாம் சுற்றிக் காட்டி முடித்து, வழக்கம்போல் கல்லறைத் தோட்டத்து முற்றத்தில் அவர்களுக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பிட்டுக் கொடுக்க உட்கார்ந்தாள்.

விரலை ஏதோ நக்கியது.

அடியிலிருந்து நுனிவரை, நிதானமாக, சொரசொரப்பாக. சுற்றிலும் பார்த்தாள். பூனைகூட இல்லை. விரல்கள் எச்சிலில் பளபளத்தன. கையிலிருந்த ரொட்டித் துண்டைக் காணோம்.

அதே மீன் வாடை.

இன்னொரு துண்டை எடுத்தாள். அதுவும் போயிற்று.

கலியோப்பி எலும்பறைக்கு ஓடினாள். பெட்டி காலையில் வைத்தபடியே பூட்டியிருந்தது. திறந்து துணியை விலக்கினாள்.

உதடுகளில் ரொட்டித் துணுக்குகள்.

"மன்னிச்சுட்டேன் அத்தே. போயிருங்க அத்தே."

வாய்தான் சொன்னது. மனசுக்குள் பூனைத் தட்டு அப்படியே கிடந்தது. அது அவளுக்கும் தெரிந்தது, கிழவிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வெளியே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். பெட்டியைப் பூட்டிவிட்டு முற்றத்துக்கு வந்தாள். வலது கையைப் பாவாடையில் சுற்றி மறைத்துக்கொண்டு, இடது கையால் ஒரு துண்டு ரொட்டியை எடுத்தாள்.

இடது கையும் நனைந்தது.