நாலு ரூபாய் ஐ.டி.

ஐந்தரைக்கு எழுந்தான் இராமதாஸ். பல் விளக்கினான். ஸ்டவ்வைப் பற்றவைத்தான். காபி, ஒரு டம்ளர். சவரம். சைக்கிளைத் துடைத்தான். எட்டு மணிச் சங்குக்கு ஐந்து நிமிடம் முன்பே, பாண்டிச்சேரி உப்பளத்து நூல் மில் ஆபீசில், தன் குமாஸ்தா நாற்காலியில் உட்கார்ந்தான்.

பதினோரு மாதமாக இதே வரிசை. பிசகியதில்லை.

இன்று பிசகியது.

கணக்கு அறையிலிருந்து ஓர் அலறல்...

பியூன் அம்மாவாசை, கையில் விளக்குமாற்றோடு ஓடிவந்தான்.

“கணக்கரய்யா கீழ கெடக்கறாரு... மண்டையெல்லாம் ரத்தம்!”

தலைமைக் கணக்கர் ஆதிமூலம். சம்பள நாள் என்று விடியும்போதே வந்தவர். பக்கத்தில் இரும்பு ரூல்தடி. உயிர் இருந்தது, பேச்சு இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினார்கள். முஷ்டியைப் பிரித்ததில், பாதி கிழிந்த சம்பளச் சீட்டு ஒன்று.

சீட்டில் இருந்த பெயர், இராமதாஸ்!

இன்ஸ்பெக்டர் பாலகுரு வந்தார். கடலூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். வாயில் பல்குச்சி.

“காலைல எங்க இருந்தே?”

“வீட்ல.”

“கூட யாரு?”

“யாருமில்லீங்க.”

“சௌகரியம்தான். நேத்து இவரோட சண்டையாமே?”

“சண்டை இல்லீங்க. போன மாசச் சீட்டுல ஒரு சந்தேகம் கேட்டேன். வாங்கி வெச்சிக்கிட்டாரு.”

“வரி புடிக்கறாங்கன்னு பொருமுனான் சார்,” என்றார் கேசியர் வைத்திலிங்கம். சீட்டு எழுதிச் சம்பளக் கவர் கொடுப்பவர் அவர்தான். “சம்சாரம் போனதுலேருந்து புத்தி ஒரு நெலையில இல்ல, பாவம்.”

“கடலூர்ல என் சம்பளத்துலயுந்தான் புடிச்சாங்க. நான் யார் மண்டைய ஒடைச்சேன்?” பாலகுரு விலங்கை மேஜை மேல் வைத்தார். “படி. என்ன எழுதியிருக்கு?”

இராமதாஸ் விலங்கைப் பார்த்தான். சீட்டைப் பார்த்தான். படித்தான்.

“ச, அது சம்பளம், தொண்ணூறு. ப, பஞ்சப்படி, இருவத்தெட்டு. சே, சேமநிதிக்குப் போறது, அஞ்சு. ஐ.டி., இன்கம் டாக்ஸ், நாலு. கைக்கு வர்றது நூத்தி ஒம்போது.”

பல்குச்சி நின்றது.

“நூத்திப் பதினெட்டு ரூபாய்க்கு இன்கம் டாக்ஸா? கடலூர்லயே கெடையாதேய்யா!”

“அந்தச் சட்டமே இன்னும் பாண்டிச்சேரிக்கு வரலீங்க.”

“பிரெஞ்சுக்காரன் போயி, இந்தியா வந்து அஞ்சு வருஷம் ஆச்சே?”

“கொடி வந்துச்சு. கூடவே எல்லாம் வந்துடுச்சுன்னு நாங்களா நெனச்சிக்கிட்டோம். சீட்டுல புதுசா எது மொளைச்சாலும், டில்லிக்காரன் சட்டம்னு வாயை மூடிக்கிட்டோம். அறுவது பேரு.”

“ரிஜிஸ்தர்ல கையெழுத்துப் போடறப்ப தொகையப் பாக்க மாட்டீங்களா?”

“கேசியரய்யா அதும்மேல மை ஒத்துத்தாள் வெச்சு மூடிடுவாரு. கையெழுத்துக் கட்டம் மட்டும்தான் தெரியும்.”

வைத்திலிங்கம் சிரித்தார். “வெள்ளக்காரன் காலத்து மரியாதை சார். ஒருத்தன் சம்பளம் இன்னொருத்தனுக்குத் தெரியலாமா?”

“தெரியக்கூடாது, தெரியக்கூடாது.” பாலகுரு எழுந்து, கேசியர் மேஜையிலிருந்த சம்பள ரிஜிஸ்தரைக் காட்டினார். “ஒத்துத்தாளத் தூக்கு.”

“அது... மேனேஜர் உத்தரவு இல்லாம...”

பாலகுருவே தூக்கினார்.

ரிஜிஸ்தரில் ஆதிமூலத்தின் முத்து முத்தான கையெழுத்து. இராமதாஸ், நிகரம் நூற்றுப் பதின்மூன்று. ஐ.டி. என்று ஒரு கட்டமே இல்லை!

ஒற்றுத்தாளின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது இன்னொன்று... அவசரத்தில் செருகிய சீட்டின் மறுபாதி. அதில் ஆதிமூலம் சிவப்புப் பென்சிலால் கேட்டிருந்தார்: ‘வைத்தி, இந்த நாலு ரூபாய் எங்கே போகிறது?’

“அறுவது பேரு, ஆளுக்கு நாலு,” என்று கணக்குப் போட்டார் பாலகுரு. “மாசம் எறநூத்தி நாப்பது. எங்க சர்க்கார்கூட இவ்வளவு ஒழுங்கா வசூல் பண்ணாது.”

விலங்கு மேஜையை விட்டு எழுந்தது. வைத்திலிங்கத்தின் மணிக்கட்டில் உட்கார்ந்தது.

வாசலில் பாலகுரு திரும்பினார்.

“நல்ல புத்திதான் உனக்கு. எப்பத் தோணுச்சு?”

“எனக்குத் தோணலீங்க. சம்சாரம் சொன்னா. அவளுக்குக் கடலூரு.”

“அப்ப எங்க ஊரு மூளை!” என்று சொல்லி, முகம் மாறினார். “எப்ப சொன்னாங்க?”

“ஆஸ்பத்திரில. கடைசியா.”

சுலோசனா ‘முருகா’ என்று சொல்லிக் கண்ணை மூடியதாகத்தான் மாமியார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். இராமதாஸ் மறுத்ததில்லை. மாமியார் அப்போது வெந்நீர் வாங்கப் போயிருந்தாள்.

பதினோரு மாதம் முன்பு, அன்றும் சம்பள நாள். சுலோசனா அவன் சட்டைப் பையிலிருந்து சீட்டை உருவினாள். எழுத்தெழுத்தாகப் படித்தாள். ஐ.டி.யில் விரல் நின்றது. இருமலுக்கு நடுவே சிரிப்பு வந்தது. அவள் உண்மையில் சொன்னது இதுதான்:

“எங்க கடலூரு வரி இங்க எப்பிடிங்க வந்துச்சு? எங்கப்பா சீரோட சேத்து அனுப்பிட்டாரா? போய்க் கேளுங்க... பயந்தாங்கொள்ளி.”