பொன்னி அக்காவின் இரண்டு படங்கள்

விருது வாங்கிய பத்திரிகைப் புகைப்படக்காரர் ஒருவர் தங்க வருகிறார் என்று அப்பா சொன்னதிலிருந்து கயல்விழிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அண்ணாமலை நகரில் அப்பா கதிர்வேல் நடத்தும் விருந்தினர் விடுதிக்கு, பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க வருபவர்கள்தான் வழக்கமாக வருவார்கள்.

ஆட்டோவிலிருந்து இறங்கிய ஜெயராணியோ சாதாரண ரப்பர் செருப்பு போட்டிருந்தார்.

"ஆன்ட்டி, விருதைக் கொண்டுவரலையா?"

"அது வீட்டுல இருக்கு. எங்கம்மா அதுமேல சாவியெல்லாம் மாட்டி வச்சிருக்காங்க."

கயல் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஊர் ஊராகப் போய், மற்றவர்களுக்குச் சமைத்துப் போடுபவர்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார் ஜெயராணி. இங்கே விடுதியின் சமையல்காரர் பொன்னி அக்காவை எடுக்க வேண்டும். அங்கேதான் வந்தது வினை! கேமராவைக் கண்டாலே பொன்னி அக்கா அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவார். பட்டுப்புடவை, முகம் நிறையப் பவுடர், தலை நிறையப் பூ. கொடியேற்றத்தில் நிற்பதுபோல் விறைப்பாக வந்து நிற்பார். மூச்சுகூட விடமாட்டார்.

"எப்பவும்போல சமைங்கக்கா."

"ஐயே, அழுக்குப் புடவையோடவா? நல்லாவா இருக்கும்!"

இரண்டு நாள் இப்படியே போனது.

மூன்றாம் நாள் ஜெயராணி சோர்ந்து உட்கார்ந்தார். "சாயங்காலம் எனக்கு ரயில். ஒரு படம்கூடச் சரியா அமையலையே!"

கயலுக்குப் பாவமாக இருந்தது. நேரே சமையலறைக்குப் போனாள்.

"ஏன்க்கா ஒவ்வொரு தடவையும் பட்டுப்புடவை கட்டுறீங்க?"

பொன்னி அக்கா குரலைத் தாழ்த்தினார். "என் போட்டோன்னு ஆதார் கார்டுல இருக்கறது ஒண்ணுதான் பாப்பா. அதைப் பார்த்தா எனக்கே என்னை அடையாளம் தெரியல. வீட்டுல மாட்ட அழகா ஒண்ணு வேணும். அவுங்ககிட்ட எப்படிக் கேக்கறது?"

அட, இவ்வளவுதானா! கயல் ஒரே ஓட்டமாக மாடிக்கு ஓடினாள். "ஆன்ட்டி, முதல்ல அக்காவுக்கு வேண்டிய படத்தை எடுத்துக் குடுங்க. அப்புறம் உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கலாம்."

விஷயத்தைக் கேட்டதும் ஜெயராணி தலையில் அடித்துக்கொண்டார். "இத்தனை வருஷமா படம் எடுக்கறேன். உங்களுக்கு எப்படி வேணும்னு அவுங்களை நான் கேக்கவே இல்லையே!"

வாசலில், செம்பருத்திச் செடி பக்கத்தில், பொன்னி அக்கா ராணி மாதிரி நின்றார். எடுத்த படத்தைக் காட்டியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நானா இது! சரி, எனக்கு வேலை கெடக்கு. இனிமே நீங்க எப்படி வேணா எடுத்துக்குங்க."

பழைய புடவைக்கு மாறி, கொத்சுக்குச் சுட்ட கத்தரிக்காயை மசிக்க உட்கார்ந்தார். மணம் மூக்கைத் துளைத்தது. கயல் மெல்ல விரலை நீட்டினாள்.

"சுடும்டி! கையை எடு!" கரண்டியை ஓங்கிய பொன்னி அக்கா, அவள் விழித்த விழியைப் பார்த்துச் சிரித்தேவிட்டார்.

கிளிக்!

அடுத்த மாதம் ஜெயராணியிடமிருந்து பார்சல் வந்தது. செய்தித்தாளில் அரைப் பக்கத்துக்கு, ஓங்கிய கரண்டியோடு சிரிக்கும் பொன்னி அக்கா! அப்பா அதைப் பக்கத்துக் கடைக்காரர்களுக்கெல்லாம் காட்டிவிட்டு வந்தார்.

பொன்னி அக்கா அதை ஒரு பார்வை பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. நீங்களே வச்சுக்குங்க."

பிறகு, கண்ணாடிச் சட்டம் போட்டு அதே பார்சலில் வந்திருந்த பட்டுப்புடவைப் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேட்டார்: "பாப்பா, நல்ல ஆணியா ஒண்ணு இருக்குதா?"