ஒரு சளிக்காய்ச்சலின் சாட்சி

பள்ளி மூலிகைக் கண்காட்சிக் கூடத்தில் நடுவர் சௌந்தரவல்லி கற்பூரவல்லி இலையைக் கசக்கி மோந்தார். அவ்வளவுதான், அறுபத்திரண்டு வயது பத்துக்கு இறங்கிவிட்டது. போர்வைக்குள் ஆவி பிடிக்கவைத்த அம்மா, பள்ளிக்கு மட்டம், மிளகு ரசம். அடடா, அந்தச் சளி நாட்கள்தான் எத்தனை சுகம்!

"நல்லா வளத்திருக்கியேம்மா. யாருக்குக் குணமாச்சு?"

ஒன்பதாம் வகுப்பு ஜெனிபாவின் முகம் வாடியது. "இப்ப யாருக்கு மிஸ் சளி பிடிக்குது?"

பிடிக்காதுதான். எல்லார் ரத்தத்திலும் குருதிக்காவலி என்ற நுண்பொறி ஓடுகிறது. கிருமி நுழைந்ததும் தின்றுவிடும். தூத்துக்குடியில் ஒருவருக்குச் சளி பிடித்து முப்பது வருடம் ஆகிறது. ஆனால் சட்டம் சட்டம்தானே! குணமானவர் ஒருவராவது சாட்சி சொல்லாத மூலிகை வெறும் களை. வரும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எரித்துவிடுவார்கள். ஜெனிபா தன் பங்குக் குடிநீரை ஊற்றி எட்டு மாதம் வளர்த்த செடிகள் அவை.

"அழாத. எனக்குச் சளி பிடிக்க வச்சுக்கிடுதேன்," என்றார் சௌந்தரவல்லி.

ஆய்வுக்காகக் காவலியை நிறுத்திவைக்க விதி உண்டு. இதுவரை யாருக்கும் அந்தப் பைத்தியம் பிடித்ததில்லை. அவர் நிறுத்தினார். மழையில் ஆசைதீர நனைந்தார். புதன்கிழமை மூக்கு ஒழுகி, காய்ச்சல் அடித்தது. காவலி நின்ற தகவல் ஜபல்பூரில் இருக்கும் மகனுக்குத் தானாகவே போயிற்று.

"எம்மா, என்ன செய்யுது? தனியாவா கெடக்கீங்க? இந்தா கெளம்பிட்டேன். வெள்ளிக்கிழம ராத்திரி ஏழு மணிக்கு வந்துருவேன்."

ஆறு வருடமாக வராத பிள்ளை! நோயே வராத அம்மாவைப் பார்க்க என்ன அவசரம் என்று இருந்துவிட்டான். காய்ச்சலிலும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஜெனிபா வேளை தவறாமல் கஷாயம் கொண்டுவந்தாள். மருந்து கேட்டது. வெள்ளிக்கிழமை மதியம் காய்ச்சல் விட்டு, மூக்கும் திறந்தது.

நாலே முக்காலுக்கு ஜெனிபா சாட்சிப் பலகையை நீட்டினாள். 'குணமா?' என்று கேட்டது. 'ஆம்' என்று தொட்டால் காவலி மறுபடி ஓடும், மகனுக்கும் சொல்லிவிடும்.

"மிஸ், இன்னும் சரியாகலையா?"

"கொஞ்சம் பொறு," என்று வாசலைப் பார்த்தார். ரயில் இந்நேரம் மதுரைக்கு வந்திருக்கும். இரண்டு மணி நேரம்தான், ஒரு பொய் போதும். ஜெனிபா ஐந்து மணியை நெருங்கும் கடிகாரத்தையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

'ஆம்' என்று தொட்டார். ஜெனிபா அவரைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

உடனே மகனின் குரல் வந்தது. "எம்மா, சரியாயிட்டாமே! நல்ல மருந்துதான். அப்ப நான் மதுரையிலேயே எறங்கித் திரும்பிருதேன், ஆபீஸ்ல தலைக்கு மேல வேலை."

"சரிய்யா," என்றார்.

வாசலிலிருந்து பார்வையைத் திருப்பி ஜெனிபாவிடம் கேட்டார்: "அடுத்த வருஷம் எந்த நோய்க்கும்மா மருந்து வளக்கப்போற?"